ஆகாயக் கப்பலுக்குக் கயிறு பிடித்தவர்கள்

எனக்கு வரும் வேலையில் பாதி எனக்கே புரியாத வேலை. போன வருஷம் மட்டும் பனிக்கரடி, ஒட்டகம், கடலுக்கடியில் கேபிள் போடுகிறவர்கள், யாரோ ஒரு ராஜாவுக்கு வந்த பல்வலி என்று வரிசையாக வந்தன. ஆங்கிலத்தில் இருக்கும் டாகுமெண்டரிப் படங்களுக்குத் தமிழில் பின்னணி வசனம் எழுதித் தருவது என் பிழைப்பு. பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி படத்தையும் ஆங்கில வசனத்தையும் மெயிலில் அனுப்பும். நான் பொம்மிடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மேஜை போட்டு உட்கார்ந்து பனிக்கரடியைத் தமிழாக்குவேன். ஊரில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். நானும் திருத்துவதில்லை.

இந்த வேலையில் அர்த்தத்தைவிட நேரம் முக்கியம். படத்தில் ஒரு ஆள் கதவைத் திறந்து மூடுவதற்குள் தமிழ் வாக்கியம் முடிந்துவிட வேண்டும். தமிழ் வாக்கியமோ வினைச்சொல் வந்து சேரும்வரை முடியாது. நான் வாசித்துப் பார்த்தால் கணக்குக்கு வராது. நான் அவசரக்காரன், பாதியை மென்று விழுங்கிவிடுவேன். என் மனைவி வாசித்தால்தான் சரியாக இருக்கும். பிளஸ் டூ வரை படித்தவள், செய்தி வாசிக்கிறவர்களைப் போல நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். மதியம் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, என் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படத்தோடு சேர்ந்து வாசித்துக்கொண்டே போவாள். சேலத்துக்கோ ஜோலார்பேட்டைக்கோ ரயில் போனால் நிறுத்திவிட்டு, அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். "இப்படி யாருங்க பேசுவாங்க?" என்று என் தமிழைக் கிழித்துத் தொங்கவிடுவதும் அவள்தான். அவள் வாசித்துப் பார்க்காமல் ஒரு படம்கூட இந்த வீட்டைவிட்டுப் போனதில்லை.

ஆகாயக் கப்பல் படம் ஆடி பிறந்து மூன்றாம் நாள் வந்தது. போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் மேல்நாட்டு ராணுவம் ஒன்று ஆட்களைப் பழக்குவதற்காகக் கட்டிய கப்பலின் வரலாறு. ஐம்பது நிமிடம் ஓடுகிறது. சண்டைக்குப் போகாத கப்பல். பெரிய கப்பல்களை ஓட்டப் போகிறவர்கள் முதலில் இதில் ஏறித் தப்புத் தப்பாக ஓட்டிப் பழகிக்கொள்வார்கள். நம் ஊர் டிரைவிங் ஸ்கூல் காரைப் போலத்தான். இடிபடும், ஒட்டுப் போடுவார்கள், மறுநாள் அடுத்த ஆள் ஏறுவான். யாரும் அதைப் படம் பிடித்து மாட்டி வைக்கவில்லை. பெரிய கப்பல்கள் எல்லாம் தீப்பிடித்து எரிந்து பேர் வாங்கின. இது எரியவும் இல்லை, பேர் வாங்கவும் இல்லை. எனக்கு அதை உடனே பிடித்துப் போனது.

முதல் நாள் மொழிபெயர்ப்பு சுகமாகத்தான் போனது. கப்பலின் மேலே பெரிய பை, அதற்குள் காற்றைவிட இலேசான ஹைட்ரஜன் வாயு, கீழே கயிறுகளில் தொங்கும் ஒரு தொட்டில், தொட்டிலில் இன்ஜினும் இரண்டு மூன்று ஆட்களும். பருத்தித் துணியில் ரப்பர் பூசிப் பை தைப்பார்கள். அதற்கும் முன்னால் சில கப்பல்களுக்கு மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வைப் பதமாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் பை செய்திருக்கிறார்கள். வாயு கசியாது என்பதுதான் காரணம். ஒரு பைக்கு ஆயிரக்கணக்கான மாடுகள் வேண்டும்.

மனைவி அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"மாட்டுக் கொடலுலயா ஆகாயத்துல போனாங்க?"

"ஆமா."

"நாத்தம் அடிக்காதுங்களா?"

"பதம் பண்ணிருப்பாங்க."

"பண்ணாலும்." மூக்கைச் சுளித்துக்கொண்டே மிச்சத்தை வாசித்தாள். நடுவில் சிரித்தும்விட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதில் எனக்கும் உற்சாகமாகி, இரவுச் சாப்பாட்டுக்குள் அடுத்த பதினைந்து நிமிடப் படத்தையும் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் கயிறு வந்தது.

இந்தக் கப்பலில் ஏறிப் பழக வருகிறவர்களை யாரும் உடனே ஏற்றிவிடுவதில்லை. முதலில் வாரக்கணக்கில் தரையில் நின்று கயிறு பிடிக்க வேண்டும். கப்பலைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர ஐம்பது அறுபது பேர் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்தி வருவார்கள். காற்று எழும்புவதற்கு முன்னால், விடிகாலையிலேயே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். வெளியே வந்ததும் எடை பார்ப்பார்கள். எல்லோரும் கையை ஒரு கணம் தளர்த்துவார்கள். கப்பல் மேலே எழும்பினால் உள்ளே ஒரு மண் மூட்டை போடுவார்கள், கீழே இறங்கினால் ஒன்றை எடுப்பார்கள். எழும்பவும் இறங்கவும் செய்யாமல் கப்பல் நிற்கிற நிலை வந்த பிறகுதான் புறப்பாடு. தரையில் ஒரே ஒரு அதிகாரி, ஊதுகுழல் மாதிரி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு ஆணை கொடுப்பார். வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் சொல்லாமல் ஒருவனும் கயிற்றை விடக் கூடாது. ஆனால் கால் தரையை விட்டால் மட்டும் ஆணைக்குக் காத்திருக்காமல் உடனே விட்டுவிட வேண்டும்.

கால் தரையை விட்டது ஆளுக்குத் தெரிவதே இல்லை என்று அடுத்த வரியில் இருந்தது. முதல் ஒரு அடி உயரம் எழும்பும்போது கயிறு இழுபடுவதாக மட்டும்தான் தோன்றும், அதனால் ஆட்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள் என்று இருந்தது. அதற்கும் அடுத்த பக்கத்தில், வெயில் ஏறிய பிறகு தரையிறங்கிய ஒரு நாளில் வாயு சூடாகிக் கப்பல் இலேசாகி, காற்றும் சேர்ந்துகொள்ள, கயிறு பிடித்தவர்களோடு மேலே போனது. பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். மூன்று பேர் விடவில்லை.

நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வெளியே போய் மாட்டுக்குத் தீவனம் போட்டேன். ஏற்கெனவே மனைவி போட்டிருந்தாள்.

பாலிஹவுஸ் என்று எங்கள் பக்கம் இப்போது எங்கே பார்த்தாலும் தெரியும். இரும்புக் குழாயில் இரண்டு ஆள் மூன்று ஆள் உயரத்துக்குக் கூடு கட்டி, அதன்மேல் வெள்ளையாக பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, உள்ளே குடமிளகாயோ வெள்ளரியோ சாமந்தியோ வளர்ப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காட்டுக்குள் ஏரி இருப்பது போலப் பளபளக்கும். குழாய் நடுவது, தண்ணீர் பைப் ஓட்டுவது எல்லாம் சாதாரண வேலைகள். ஷீட் போர்த்துவதுதான் வேலை. சுருளாக வரும் ஷீட்டைப் பிரித்து, ஒரு ஓரத்தை ஒரு பக்கக் குழாயில் ஸ்பிரிங் போட்டுப் பூட்டிவிட வேண்டும். மறு ஓரத்தில் அங்கங்கே ஒரு கூழாங்கல்லை வைத்து ஷீட்டோடு முடிந்து கயிறு கட்டி, அந்தக் கயிறுகளைக் கூட்டின் மேலாக வீசி, எதிர்ப்பக்கம் நின்று எல்லோரும் ஒரே சீராக இழுக்க வேண்டும். பாதி ஏறியிருக்கும்போது அடியில் காற்று புகுந்துவிட்டால் அவ்வளவு பெரிய ஷீட்டும் உப்பிக்கொண்டு எழும்பும். அதனால் இதையும் விடிகாலையில் செய்வார்கள், காற்று எழும்புவதற்குள்.

என் மனைவியின் தம்பி அந்த வேலைக்குப் போகிற கூட்டத்தில் இருந்தான். இருபத்தொன்பது வயது. பாலிடெக்னிக் படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்து, அது பிடிக்காமல் திரும்பி வந்தவன். ஷீட் போர்த்துகிற நாளில் ஆள் போதாது என்றால் எனக்குப் போன் வரும். "மாமா, எத்தன நேரந்தான் குந்திக்கினே இருப்பீங்க, வாங்க." நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற எனக்கும் அது ஒரு மாறுதல். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவேன். நான் அவனை மாப்ள என்பேன். வாய்க்கு வந்தபடி ஒருவரை ஒருவர் கேலி பேசுவோம். மாமன் மச்சானுக்குள் அது இல்லாவிட்டால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இழுத்துக்கொண்டிருக்கும்போது கயிற்றை விட்டவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. கையைச் சொறிவதற்காக விட்டாலும், காற்றுக்குப் பயந்து விட்டாலும் ஒரே தண்டனைதான். மாப்பிள்ளை மூன்று தடவை வாங்கித் தந்திருக்கிறான். மூன்று தடவையும் காற்று புகுந்தபோதுதான் விட்டான். அவன்தான் அதில் அனுபவப்பட்டவன், காற்றின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வான். அவன் விட்டது சரி. ஆனால் டீ டீதான். நான் அவனுக்கு டீ மாஸ்டர் என்று பெயர் வைத்தேன். அது மற்றவர்களுக்கும் பிடித்துப் போய், அவன் பைக்கை நிறுத்தும்போதே "மாஸ்டர், பதினாலு டீ, சக்கர கம்மி" என்று கத்துவார்கள். அவனும் சிரிப்பான். நாலு பேருக்கு முன்னால் சிரித்தான் என்றால் உள்ளுக்குள்ளும் சிரித்தான் என்று அர்த்தமில்லை. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

கம்பைநல்லூரைத் தாண்டி ஒரு தோட்டம். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆடி கடைசி. ஷீட் சுருள் வருவதற்கே தாமதமாகி, காற்றுக் காலத்துக்குள் வந்து விழுந்தது. தோட்டத்துக்காரர் நாற்றுக்குச் சொல்லிவிட்டார், இனி தள்ளிப் போட முடியாது என்றார். எட்டு மணிக்குள் முடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். எட்டு மணிக்குக் கடைசி ஷீட் ஒன்று மிச்சம் இருந்தது. நாலு கயிறு. மூன்று கயிற்றில் மும்மூன்று பேர், கடைசி மூலைக் கயிற்றில் நானும் மாப்பிள்ளையும் மட்டும். அவன் முன்னால், நான் அவனுக்குப் பின்னால்.

மலைப் பக்கமிருந்து வந்த காற்று கூட்டின் அடியில் புகுந்தது. முதல் கயிற்றில் இருந்தவர்கள் விட்டார்கள். உடனே இரண்டாவது, மூன்றாவது. ஷீட் ஒரேயடியாக உப்பி மேலே எழும்பியது. எல்லோரும் ஆளாளுக்குக் கத்தினார்கள். எங்களுக்கு ஊதுகுழல் வைத்த அதிகாரி யாரும் இல்லை. மாப்பிள்ளை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். விடலாமா என்று கேட்கிற பார்வை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் விட்டுவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேர் விடாமல் நின்றால் இன்றைக்கு அத்தனை பேரும் எங்களுக்கு டீ வாங்க வேண்டும், இவன் பெயர் மாறிவிடும் என்று தோன்றியது. சந்தோஷமாகத் தோன்றியது. "வுடாத மாப்ள! கெட்டியாப் புடி! இன்னிக்கு அவனுங்கதான் டீ!" என்று கத்தினேன். அவன் முன்னால் திரும்பி, கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

அந்தப் படத்தில் எழுதியிருந்தது உண்மைதான். கால் தரையை விட்டது தெரியவில்லை. கயிறு இழுக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு கீழே என் செருப்பில் ஒன்று தனியாகக் கிடப்பதைப் பார்த்தேன். என் கை தானாக விரிந்தது. நான் யோசித்து விடவில்லை, கைதான் விட்டது. மல்லாந்து மண்ணில் விழுந்தேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவன் மேலே போனான். ஷீட் மடங்கி மறுபக்கம் சாய்ந்தபோது அவன் கூட்டின் உச்சிக் குழாயில் மோதி, அங்கிருந்து கீழே விழுந்தான். தர்மபுரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் தொப்பூரைத் தாண்டவில்லை.

எல்லோரும் கத்திய சத்தத்தில் யார் என்ன கத்தினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர் கேட்டபோது, காற்று, ஷீட், எல்லோரும் விட்டோம், அவன் மட்டும் விடவில்லை என்றார்கள். நானும் அதையே சொன்னேன். அது பொய்யும் இல்லை. சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லாம் "வுட்டிருந்தா பொழைச்சிருப்பானே" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவன் பிடிவாதத்தால் செத்தான் என்று ஆகிவிட்டது. சின்ன வயதில் அவன் சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தது, கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தது எல்லாம் அதற்குச் சாட்சியாக வந்து சேர்ந்தன. செத்தவனைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

என் மனைவி அதை நம்பினாள். அவளுக்கு அவன் தம்பி மட்டுமில்லை. அம்மா இல்லாத வீட்டில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். துக்கம் அவளிடம் கோபமாகத்தான் தங்கியது. ஒவ்வொரு வருஷமும் அவன் திதிக்கு இலை போட்டு, அவனுக்குப் பிடித்த கோழிக் குழம்பை வைத்து, கற்பூரம் ஏற்றும் நேரத்தில் அவன் படத்தைப் பார்த்துத் திட்டுவாள். "எல்லாரும் வுட்டாங்களேடா. உனக்கு மட்டும் என்னடா கேடு? புடிவாதம் புடிச்சி என்னத்தடா கண்ட? என்னை நெனச்சிப் பாத்தியா?" நான் அவளுக்குப் பின்னால் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐந்து வருஷம் அப்படி நின்றேன். இன்னும் கொஞ்ச நாளில் ஆறாவது திதி வரவிருந்தது. செய்யாத தப்புக்கு அவனை அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, அது முடிந்ததும் அதே இலையில் உட்கார்ந்து நான் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த நாளிலிருந்து நான் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் பின்னாலேயே நடந்துபோய்த் தோளைத் தொடுவேன். முன்பெல்லாம் பட்டாசு மாதிரி வெடிப்பான், இப்போது பக்குவம் வந்துவிட்டது என்று ஊரில் என்னை மெச்சுகிறார்கள். பக்குவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாயைத் திறந்து உரக்கக் கத்தினால் அந்த ஒரு வாக்கியம்தான் வெளியே வரும் என்று பயம். பஸ்ஸில் போகும்போது ஏதாவது தோட்டத்தில் ஷீட் கிழிந்து காற்றில் படபடத்தால், இந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்வேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட எனக்கு அவன் செருப்பில்லாத பாதம் தெரியும். அவன் போகும்போது அவன் பாதம்தான் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தப் படம் வந்திருந்தது. அதை என் மனைவி வாசித்தாக வேண்டும்.

கம்பெனிக்கு முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். ஏன் என்று அவள் கேட்பாள். அதுவரை எந்தப் படத்தையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. இரண்டு நாள் யோசித்து, ஒரு திருட்டு வேலை செய்தேன். கயிற்றில் தொங்கியவர்களைப் பற்றிய நாற்பது வினாடியை மட்டும் தமிழில் மாற்றி எழுதினேன். காற்று பலமாக வீசியது, வெயிலில் வாயு சூடாகும், சூடான வாயு விரியும், விரிந்தால் கப்பல் இலேசாகும் என்று பாடப் புத்தகம் மாதிரி எழுதி நிரப்பி, கடைசியில் "சிலருக்குக் காயம் ஏற்பட்டது" என்று முடித்தேன். நேரம் சரியாக இருந்தது. அவள் வாசித்து முடித்ததும் உண்மையான வசனத்தை வைத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்பது திட்டம். அந்த மூலத்திலேயே செத்தவனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்திருந்தார்கள். இருவர் உயிரோடு இறக்கப்பட்டார்கள், மூன்றாமவரின் பிடி நழுவியது, அவ்வளவுதான். இன்ஜினுக்கு மூன்று நிமிடம். மறுநாள் கப்பல் வழக்கம்போலப் பறந்தது, இன்னும் பல பேர் அதில் பழகினார்கள், துணி நைந்து வாயு நிற்காமல் போனதும் பையைப் பிரித்துப் போட்டார்கள். அந்த மூன்றாமவனுக்குப் பின்னாலோ முன்னாலோ யார் நின்றது, யார் முதலில் விட்டது என்று எதுவும் இல்லை. அதை எழுதியவன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் எழுதியது அதைவிடக் கேவலம் என்பதும் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வாசிக்க உட்கார்ந்தாள். மண் மூட்டை, கொட்டகை, விடிகாலை எல்லாம் நன்றாகப் போனது. கயிறு பிடிக்கிற இடத்தில் குரல் கொஞ்சம் மெதுவானது, ஆனால் நிறுத்தவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெயில் ஏற ஏற வாயு சூடாகும். சூடான வாயு விரியும்" என்று வாசித்தவள் நிறுத்தினாள். ரயில் சத்தம் எதுவும் இல்லை.

"ஏங்க. படத்துல ஆளுங்க தொங்கறாங்க. நீங்க காத்தப் பத்தியே எழுதியிருக்கீங்க?"

வசனத்தை மாற்றியவன் படத்தை மறந்துவிட்டேன். பதினோரு வருஷமாகச் செய்கிற வேலை, அவள் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் வாசிக்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. செல்போனில் யாரோ வரைந்த ஓவியம், அதை மெல்ல நகர்த்திக் காட்டினார்கள். மேலே கப்பலின் வயிறு, கீழே மூன்று கயிறு, மூன்று ஆள்.

"அது வேற சீன். அப்பறம் வரும்," என்றேன்.

அவள் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த ஆங்கிலத் தாளை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். ரோப் என்பதும் மேன் என்பதும் அவளுக்குப் புரிந்தன. தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இதுல என்ன இருக்குதோ அத தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். ஒரு வார்த்தையும் விடாமல், அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் சொன்னேன். கால் தரையை விடுவது தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"அந்த ஊர்லயும் நம்ம தம்பியாட்டம் புடிவாதக்காரங்க இருந்திருக்காங்க," என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவன் புடிவாதக்காரன் இல்ல," என்றேன். "அவன் வுடத்தான் பாத்தான். நாந்தான் வுடாதன்னு கத்துனேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் டீ விஷயத்தையும் சொன்னேன். பெயர் வைத்ததைச் சொன்னேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டதை, நான் கத்தியதை, என் கை விட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு எப்போது விட வேண்டும் என்று தெரிந்திருந்தது, நான் கேலி பேசிப் பேசி அதை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்றும் சொன்னேன். ஆறு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது, தங்குதடையில்லாமல் வந்தது. சொல்லி முடித்தபோது ஒரு பாரம் இறங்கியது போலக்கூட இருந்தது. திட்டுவாள், அடிப்பாள், அப்பா வீட்டுக்குக் கிளம்பிப் போவாள் என்று காத்திருந்தேன். எதுவானாலும் சரி என்று இருந்தது.

செல்போன் தானாக அணைந்துவிட்டது. பிறகு கேட்டாள்.

"நீங்க கீழ விழுந்தப்ப அவன் எவ்வளவு ஒயரத்துல இருந்தான்?"

"ஒரு ஆள் ஒயரம். அதுக்கும் கொஞ்சம் மேல."

"அந்த ஒயரத்துல வுட்டிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது. கால் சுளுக்கியிருக்கும்."

"அவன் உங்களப் பாத்தானா?"

நான் அவ்வளவு நேரம் சொன்னதில் இது இல்லை. சொல்லாமல் விட்டேன் என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் பார்த்தான். மேலே போய்க்கொண்டே தோளுக்கு மேலாகத் திரும்பிக் கீழே பார்த்தான். கயிற்றில் நான் இல்லை என்பதையும் பார்த்தான். மல்லாந்து கிடந்த என் முகத்தைப் பார்த்தான். முதலில் கேட்டானே, அதே கேள்விதான் அவன் கண்ணில் இருந்தது.

"பாத்தான்," என்றேன்.

"அப்ப வுடுன்னு சொன்னீங்களா?"

என் வாய் திறந்துதான் இருந்தது. கத்துவதற்கு மூச்சும் இருந்தது. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிற நேரம் இருந்தது.

"இல்ல," என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். அவள் குரலில் கோபமே இல்லை. தன் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பது போலத்தான் சொன்னாள்.

"நீங்க சொல்லியிருந்தா வுட்டிருப்பான். அவன் நீங்க சொல்றதக் கேப்பான்."